பை குதிரையில் வந்தது, நடந்தது நான்தான்

"50 வயதில், இதுவரை பனியையே பார்க்காதவர், காஷ்மீர் ஏரிகள் டிரெக்கிங் போகலாமா? கைடு, சமையல்காரர், குதிரை எல்லாம் வைத்துப் போவதை மலையேற்றம் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: போகலாம். நான் போனபோது எனக்கு 51. ஆனால் என்னை எழுத வைத்தது உங்கள் இரண்டாவது கேள்விதான். நான் திரும்பி வந்த வாரமே அலுவலகத்தில் ஒருவர் இதைத்தான் கேட்டார். "கைடு வழி காட்ட, குதிரை பை தூக்க, ஒருத்தர் சோறு போட, நீங்க என்ன மேடம் ஏறினீங்க?" அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சொல்ல நிறைய இருந்தது, தொண்டையில் நின்றுவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

உங்களுக்கும் என்னைப் போலவே வீட்டில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள், மீதிப் பேர் "கொடைக்கானல் போதாதா" என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நானும் என் தங்கையும் போனோம். அவள் என்னைவிட ஏழு வயது சின்னவள், உடம்பில் எந்தக் குறையும் இல்லாதவள். நான் பழனிக்காரி. மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று நாள், விடியற்காலையில் மலைக்கோயில் படி 693ஐயும் ஏறி இறங்கினேன். இறங்கும்போதும் படியிலேயே இறங்கினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைசி நாள் கங்காபல் ஏரியிலிருந்து நாராநாக் வரை ஒரே நாளில் 1,300 மீட்டர் இறக்கம். ஏறப் பழகியவர்கள் நிறையப் பேருக்கு அன்றைக்குத்தான் முட்டி போகிறது.

சோனமர்க்கில் நடக்க ஆரம்பித்தோம். திரும்பிப் பார்த்தால் தஜிவாஸ் பனிப்பாறைகள், முன்னே பைன் மரங்களும் மேப்பிளும். மேலே போகப் போக மரங்கள் குறைந்து, பூர்ஜ மரம் மட்டும் நிற்கிறது. அதன் வெள்ளைப் பட்டை தாள் தாளாக உரியும். அந்தக் காலத்தில் ஏடு எழுதியது இந்தப் பட்டையில்தான் என்று கைடு சொன்னார். அதற்கும் மேலே மரமே கிடையாது. புல்வெளி, பாறை, ஆடு மேய்க்கும் பக்கர்வால் குடும்பங்கள்.

முதல் நாள் தங்கிய நிச்னையில் ஒரு சின்ன ஜிப் கூடாரம், உள்ளே குழி, பக்கத்தில் மண்ணும் ஒரு கரண்டியும். கழிப்பறை அதுதான். அவ்வளவு சுத்தம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 3,500 மீட்டர் உயரத்தில், குதிரையில் சுமந்து கொண்டுபோய் ஒரு பெண்ணுக்குக் கதவு மூடிய இடம் ஒன்றைச் செய்து தர முடிகிறது. நம் ஊரில் ராத்திரி பஸ் நிற்கும் சாலையோர ஹோட்டல்களில் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு காட்டுகிற இடத்தில் தாழ்ப்பாள் இருக்காது, தண்ணீர் இருக்காது, விளக்கு இருக்காது. மாதத்தில் இரண்டு தடவை அலுவலக வேலையாகச் சென்னை போகிறவள் நான். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். என் வயதுப் பெண்கள் எத்தனை பேர் இப்படித் தாகத்தோடு பயணம் செய்கிறோம் தெரியுமா? மலையில் கைடு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிக்கச் சொன்னபோது, பயமில்லாமல் குடித்தேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் நிச்னை கணவாய். ஏறத்தாழ 4,100 மீட்டர். அதைத் தாண்டி இறங்கினால் விஷன்சர். காஷ்மீரியில் சர் என்றால் ஏரி. கட்சர் மீன் ஏரி, சத்சர் ஏழு ஏரி. விஷன்சரில் இருந்துதான் கிஷன்கங்கா ஆறு கிளம்புகிறது. அந்தத் தண்ணீரின் நிறத்தைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, மயில் கழுத்து என்றால் கொஞ்சம் நெருங்கும்.

அன்று சாயங்காலம் தங்கைக்குத் தலைவலி. "வெயில்தான் அக்கா, தைலம் இருந்தா குடு" என்றாள். தேய்த்துவிட்டேன். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே போய் வாந்தி எடுத்தாள். "கைடுகிட்ட சொல்லாத, திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள். நான் சொல்லவில்லை. இன்றுவரை உறுத்துவது இதுதான். அக்காவாக நான் செய்திருக்க வேண்டிய ஒரே காரியம் அதுதான், அதைச் செய்யவில்லை.

மறுநாள் ஓய்வு நாள். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் என்று எல்லோரையும் அங்கே ஒரு நாள் நிறுத்துவார்கள். கைடு காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவர் விரலிலும் ஆக்ஸிஜன் மானியை மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்வார். அவளுடைய எண் மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் அவர் முதலில் பார்த்தது எண்ணை இல்லை. அவள் தட்டில் ரொட்டி அப்படியே இருந்ததைப் பார்த்தார். என்னிடம் வந்து, "ராத்திரி வாந்தி எடுத்தார்களா?" என்று நேராகக் கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை.

அன்று முழுக்க அவளைப் படுக்கவும் விடாமல், நடக்கவும் விடாமல், சும்மா உட்கார வைத்துத் தண்ணீரும் சூப்பும் கொடுத்தார். மறுநாள் காலை தலைவலி குறைந்திருந்தது, போகவில்லை. "இவர் திரும்புகிறார்" என்றார். நான் சண்டை போட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், பணம் கட்டியிருக்கிறோம், குறைந்துவிட்டது, இன்னும் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றெல்லாம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். இன்றைக்கு ஏறும் கட்சர் கணவாய் 4,200 மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால், உடம்பு மோசமானாலும் சீக்கிரம் கீழே கொண்டுபோகக் குறுக்கு வழி கிடையாது. இங்கிருந்து என்றால், குதிரையில் உட்கார வைத்து நிச்னையைத் தாண்டிவிட்டால் சாயங்காலத்துக்குள் சோனமர்க். "நடக்க வழியை ஆடு மேய்க்கிற பையன்கூடக் காட்டுவான். நீங்கள் பணம் கொடுத்தது இதைச் சொல்லத்தான்" என்றார்.

அலுவலகத்தில் கேட்டவருக்கும் உங்களுக்கும் என் பதில் இந்த ஒரு வாக்கியம்தான்.

தங்கையை அனுப்பிவிட்டு நீ எப்படி மேலே போனாய் என்று யாராவது கேட்பீர்கள். சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். உதவிக் கைடு ஒருவரும் குதிரைக்காரரும் அவளோடு போனார்கள். நானும் வருகிறேன் என்று பையை எடுத்தேன். "நீ வந்தா நான் வாழ்நாள் பூரா உன்கிட்ட கடன்பட்டவளா இருக்கணும், போ" என்றாள். அவள் சொன்னதால் போனேன். எனக்கும் போக ஆசை இருந்தது, அதை மறைக்கவில்லை. குற்றம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கட்சர் கணவாய் ஏற்றம் கிருஷன்சர் ஏரிக்கரையிலிருந்தே செங்குத்தாகத் தொடங்குகிறது. பத்து அடி நடந்து நிற்பேன். "தீரே தீரே" (மெதுவா, மெதுவா) என்று கைடு எனக்கு முன்னால் என் வேகத்திலேயே நடந்தார். மேலே நின்று திரும்பினால் விஷன்சரும் கிருஷன்சரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் அதையும் தாண்டி நிச்னைப் பக்கம் ஏதாவது குதிரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்.

அடுத்த நான்கு நாள் எந்தச் செய்தியும் இல்லை. அங்கே மேலே போன் எடுக்காது. கட்சரில் ராணுவச் சாவடியில் ஆதார் அசலைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டார்கள் (நகல் செல்லாது, நினைவில் வையுங்கள்). பட்டியலில் அவள் பெயரை அடித்ததைப் பார்த்தபோது வயிறு என்னவோ செய்தது. சத்சரில் மழை. பிறகு ஸஜ் கணவாய், கங்காபல், நந்த்கோல். நந்த்கோல் கரையில் நிமிர்ந்தால் 5,142 மீட்டர் ஹர்முக், அதன் தோளில் தொங்கும் பனிப்பாறை. அலுவலக நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1856இல் மாண்ட்கோமரி என்ற நில அளவை அதிகாரி இந்த ஹர்முக்கில் நின்று பார்த்துத்தான் தூரத்துக் காரகோரம் சிகரங்களுக்கு கே1, கே2 என்று குறி வைத்தார். அளவைக் கருவிகளை எல்லாம் அவர் தனி ஆளாகவா சுமந்து ஏறியிருப்பார்? பை சுமந்தால்தான் மலையேற்றம் என்றால் அந்தக் கணக்கு யாருக்குமே பொருந்தாது. உங்களால் சுமக்க முடிந்தால் சுமந்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. என் முதுகு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

தங்கைக்கு வந்ததுபோல் உயரத்தில் வரும் தலைவலி, வாந்திக்கு (உயர நோய் என்பார்கள்) முன்கூட்டியே மாத்திரை போடலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வயதைவிட, மறைக்காமல் சொல்வது முக்கியம். எங்கள் குழுவில் மூத்தவள் நான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. என்னுடையது ப்ரீபெய்ட். அதனால் நாராநாக் இறக்கத்தில் முதல் வீடுகள் தெரிந்ததுமே கைடின் போனைக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை, சிரித்துக்கொண்டே கீழே கையைக் காட்டினார்.

நாராநாக்கில், எட்டாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட லலிதாதித்யன் காலத்துக் கோயில் இடிபாடுகள் இருக்கின்றன. அந்தக் கல் மேடையில் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சோனமர்க் இறங்கிய அன்று ராத்திரியே தலைவலி போய்விட்டதாம். காலையில் டாக்ஸி பிடித்து வந்து மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறாள். என் முட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "கட்சர்ல பூ இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்றேன். "எவ்ளோ?" என்றாள். டீ ஆறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.