வோக் இதழ் மாதிரி எழுத்து எங்கள் சுங்குடிச் சேலை பிராண்டுக்குச் சரிவருமா?

புதிதாகச் சுங்குடிச் சேலை பிராண்டு ஆரம்பிக்கிறோம், வோக் அட்டையில் இருக்கிற மாதிரி ரிச்சான ஆங்கில எழுத்தில் லோகோ வேண்டும், எந்த ஃபான்ட், தமிழிலும் அதே மாதிரி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பிரஸ்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வோக் தலைப்பு டிடோ வகை எழுத்து, அதாவது நல்ல தடிப்பான கோடும் மயிரிழை மாதிரி மெல்லிய கோடும் சேர்ந்து வருவது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் இத்தாலியின் பார்மாவில் போதோனி என்ற அச்சுக்கலைஞரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தப் பாணியைக் கொண்டுவந்தார்கள். வழவழப்பான காகிதமும் நல்ல அச்சு இயந்திரமும் வந்த பிறகுதான் இவ்வளவு மெல்லிய கோடு அச்சில் நின்றது. உங்களுக்குச் சிக்கல் வரப்போவதும் அந்தக் கோட்டில்தான்.

ஆங்கில ‘என்’ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிற்கிற இரண்டு கோடும் மயிரிழை, நடுவில் சாய்கிற கோடு மட்டும் நல்ல தடிப்பு, முனையில் இருக்கிற குறுக்குக்கோடும் மயிரிழைதான், அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு சின்ன வளைவுகூட இருக்காது. பெட்டி மேல் ஆர்ட் கார்டில் (வழவழப்பான அட்டை) பெரிதாக அடித்தால் அள்ளும். அதையே சின்னதாக்கிக் காட்டன் பையில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டால் நிற்கிற கோடு இரண்டும் காணாமல் போய், சாய்ந்த கோடு மட்டும் அனாதையாக நிற்கும். மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம். நாலு கலரை ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும்போது ஒன்று லேசாக விலகினாலும் மை அந்த இழையை மூடிவிடும்.

அதனால் போதோனி மோடா என்கிற ஃபான்டை எடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அதில் 6 பாயின்டிலிருந்து 96 பாயின்ட் வரை (பாயின்ட் என்பது எழுத்தின் அளவு) அளவுக்குத் தகுந்த வடிவம் உண்டு, சின்ன அளவுக்கானதில் மெல்லிய கோடு கொஞ்சம் தடித்திருக்கும். பெட்டிக்குப் பெரிய அளவுக்கானது, விலைச்சீட்டுக்கும் பைக்கும் சின்ன அளவுக்கானது. பிளேஃபேர் டிஸ்ப்ளே ஃபான்டும் நல்லதுதான், ஆனால் பாதிக் கல்யாணப் பத்திரிகையில் அதுதான் இருக்கிறது, எனக்குச் சலித்துவிட்டது.

எதுவானாலும் பெயருக்கு மட்டும். முகவரி, போன் நம்பரையெல்லாம் இதில் போடச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள்.

தமிழுக்கு அதே தோற்றத்தைத் தேடி அலைய வேண்டாம். ஐ, ண, ஞ இதிலெல்லாம் சுழி அதிகம், தடிப்பை ஏற்றினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். சில இடங்களில் சாதாரணத் தமிழ் ஃபான்டைப் பக்கவாட்டில் இழுத்துத் தடிப்பு-மெல்லிசு காட்டித் தருவார்கள், பார்க்கச் சகிக்காது. பெயரைத் தமிழிலும் பெரிதாகப் போடுவதென்றால் நோட்டோ செரிஃப் தமிழ் ஃபான்டில் லைட் என்கிற மெல்லிய வடிவம். ஆங்கிலப் பெயருக்குக் கீழே சின்னதாக என்றால் ஹிந்த் மதுரை (நம்ம ஊர்ப் பெயரேதான்), கோடு ஏறக்குறைய ஒரே தடிப்பு, டிடோவோடு போட்டிக்கு வராது.

அப்புறம், பிரஸ்ஸுக்குக் கொடுக்கும்போது எழுத்தை கர்வ்ஸ் ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வரைவடிவமாக மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் இந்த ஃபான்ட் இல்லாமல் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும்.