இரவல் கணக்கை வைத்து வாதாட வேண்டாம்

வணக்கம். மாணவர்கள் நூல் எடுப்பது குறைந்துவிட்டதால் கல்லூரி நிர்வாகம் நூலகரான உங்களைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்ற எண்ணுவதாகவும், அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரவல் எண்ணிக்கையை வைத்து வாதாடாதீர்கள். அது இன்றைய நூலகரின் உழைப்பில் ஒரு சிறு பகுதியையே காட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்த மேற்கோள் பட்டியலோடு ஒரு மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயர், இதழின் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணை உள்ளிட்டுப் பார்த்தால் வேறொரு கட்டுரை திறக்கும், அல்லது எதுவுமே திறக்காது. அதைச் சரிபார்க்க அவருடன் உட்கார்ந்து கற்றுத்தருவதும், பணம் பறிக்கும் போலி ஆய்விதழ்களையும் பிழையோ முறைகேடோ தெரிந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் அடையாளம் காட்டுவதும் உங்கள் பணிதான். ஒரு துறை ஆசிரியருடன் பேசி, அவர் தரும் ஒப்படைப்போடு இணைத்து ஒரு வகுப்பு எடுப்பதே நல்ல தொடக்கம் என்பேன். ஆண்டுத் தொடக்கத்தில் நடத்தும் பொதுவான நூலக அறிமுகம் மனத்தில் தங்குவதில்லை.

நிர்வாகம் எண்களைக் கேட்கும். மின்னிதழ்ப் பதிப்பகங்கள் ‘கவுன்ட்டர்’ என்னும் பொது வடிவத்தில் தரும் பயன்பாட்டு அறிக்கையை எடுத்து, ஆண்டுச் சந்தாவைத் தரவிறக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கட்டுரைக்கு ஆகும் செலவு தெரிந்துவிடும். யாரும் தொடாத இதழை நிறுத்தப் பரிந்துரைக்கவும் அதுவே சான்று. கூடவே, உங்களிடம் வரும் கேள்விகளை இன்றே ஒரு பதிவேட்டில் குறிக்கத் தொடங்குங்கள்: எந்தத் துறையினர், என்ன கேட்டனர், எவ்வளவு நேரம் ஆனது. மாணவரின் பெயர் அதில் வேண்டாம்.