நாம் வசிக்கும் தெருவையே தொடர்ந்து படமெடுப்பதால் என்ன கிடைக்கும்? எப்படித் தொடங்குவது?

எனக்குக் கிடைக்காமல் போன ஒரு படத்திலிருந்துதான் இந்தப் பழக்கம் தொடங்கியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில், தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பைக் நிறுத்த இடம் வேண்டும் என்று 2009இல் வாசல் திண்ணையை இடித்தோம். நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் அம்மா, "அந்தத் திண்ணை போட்டோ ஒண்ணு இருந்தா எடுத்துக் குடுடா" என்றார். வீட்டிலிருந்த ஆல்பம் அத்தனையையும் புரட்டினேன். கல்யாணம், வளைகாப்பு, கொடைக்கானல் எல்லாம் இருந்தது. திண்ணையை மட்டும் காணோம். கடைசியில் அக்கா மகனின் காதுகுத்துப் படம் ஒன்று கிடைத்தது. தாய்மாமனாக நான் அவனை மடியில் வைத்திருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால், ஒரு சாண் அகலத்துக்குத் திண்ணையும் அதன் மரத்தூணும். அம்மா அந்தத் தூணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2014இலிருந்து எடுக்கிறேன். பெரும்பாலும் போனில்தான். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது, ராத்திரி கடையடைத்துத் திரும்பும்போது.

எதை எடுப்பது என்பதுதான் ஆரம்பத்தில் குழப்பம். கோபுரம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது இதையெல்லாம் எடுக்க லட்சம் பேர் இருக்கிறார்கள். நான் எடுப்பது வாசல்படி, மீட்டர் பெட்டி, கதவு எண், கடை போர்டு. எங்கள் சந்தில் முன்பு எல்லாம் பெயிண்டில் எழுதிய போர்டுகள். போர்டு எழுதுகிறவர் வலது மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஆர்ட்ஸ் என்று எழுதியிருப்பார். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த மூலை காலியாகிவிட்டது. என்னிடம் அப்படிப்பட்ட 11 கையெழுத்துகள் இருக்கின்றன. இன்று சுவரில் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்.

இன்னொன்று, கதவு நிலையில் இருக்கும் சாக்பீஸ் எழுத்து. போலியோ சொட்டு மருந்து முகாம் முடிந்ததும் வீடு வீடாக வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போவது. எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டது என்றால் 'பி' என்ற ஆங்கில எழுத்து. யாராவது விடுபட்டிருந்தால் பெருக்கல் குறி. வருடா வருடம் இதை எடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு நாள் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், எங்கள் சந்தில் அந்த எழுத்து இருக்கும் கதவு நிலைகள் குறைந்துகொண்டே வந்திருப்பது தெரிந்தது. குடியிருந்தவர்கள் திருப்பாலை, கூடல்நகர் பக்கம் போய்விட்டார்கள். வீடுகள் குடோன் ஆகிவிட்டன. தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன், ஆனால் படங்களைப் பார்க்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை.

தெருவிளக்கின் நிறத்தையும் சொல்ல வேண்டும். சோடியம் விளக்கு இருந்தவரை ராத்திரி எங்கள் சந்து மஞ்சளாக இருக்கும். எல்இடி வந்ததும் வெள்ளையாகிவிட்டது. வெளிச்சம் கூடியது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளைகளிடம் "தெரு மஞ்சளா இருக்கும்" என்று வாயால் சொன்னால் விளங்காது. படத்தைக் காட்டினால் விளங்கிவிடுகிறது.

மதுரையை முதன்முதலில் விரிவாகப் படமெடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1858இல் திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். அசாத்தியமான படங்கள். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் ஒளி பதிய நேரம் பிடிக்கும், அதனால் நடந்துபோகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். கல் அத்தனை துல்லியமாக இருக்கும், மனிதர்கள் அபூர்வம். எனக்குத் தெரிந்த புதுமண்டபமோ மனிதர்களும் கடைகளும்தான். தூணுக்குத் தூண் தையல் மிஷின், யாளியின் காலடியில் வளையல் கடை, பித்தளைப் பாத்திரம், பக்திப் புத்தகம். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. மண்டபத்துக்கு அது நல்லது, கல் மூச்சுவிடட்டும். ஆனால் ஒரு தையல்காரர் தன் இன்ச் டேப்பைத் தூணிலிருந்த ஆணியில் தொங்கவிட்டிருந்த படம் என்னிடம் இருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, எப்படித் தொடங்குவது? மூன்று இடம் போதும். எனக்கு: சந்து முனை அடிகுழாய், எங்கள் வாசல், டீக்கடை எதிர்ச்சுவர். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் எடுங்கள். அடிகுழாய்க்குப் பக்கத்தில் ஒரு உடைந்த கல் இருக்கிறது, அதில்தான் நிற்பேன். ஜூம் வேண்டாம். போர்ட்ரெய்ட் மோடைத் தொடவே தொடாதீர்கள். அது பின்னால் இருப்பதை மங்கலாக்கிவிடும். நமக்கு வேண்டியதே அந்தப் பின்னால் இருப்பதுதான். எங்கள் திண்ணை ஒரு சாணாவது மிஞ்சியது பழைய ஃபிலிம் கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிந்ததால்தான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள். படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். கம்ப்யூட்டரில் வருடம், மாதம், இடம் என்று ஃபோல்டர் போட்டு, இன்னொரு பிரதி வேறு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். முடிந்தால் ஒரு வரி எழுதி வையுங்கள். டீ என்ன விலை, கடை யாருடையது, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்துப் படத்தைவிட அந்த வரி உபயோகப்படும்.

அப்புறம், மனிதர்கள். கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை. கோலம் போடுகிறவர்களையும் குழந்தைகளையும் கேட்காமல் எடுக்கவே மாட்டேன். முதல் மாதத்தில் எதிர்வீட்டு அப்பத்தா கூப்பிட்டு, "என்னத்தப்பா வாசலைப் போட்டோ பிடிக்கிற, கார்ப்பரேஷன்லருந்தா?" என்று கேட்டார். அளந்து இடிக்கப்போகிறார்களோ என்ற பயம். விளக்கிச் சொல்லிவிட்டு, மறுவாரம் அவர் வாசல் படத்தை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதை மீட்டர் பெட்டி ஓரத்தில் செருகி வைத்தார். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது அவர்களே கூப்பிட்டு, "இதை எடுத்தியா?" என்கிறார்கள்.

எங்கள் வாசலில் நான் முதலில் எடுத்தபோது இரண்டரைப் படி தெரிந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது நான்கு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தளத்தின் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். தெரு ஏறும், வீடு இறங்கும். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கு முன்பே எங்கள் கீழ்ப்படிகள் மண்ணுக்குள் போயிருந்தன.

போன வருடம் குடிநீர்க் குழாய் பதிக்க வாசலை ஒட்டிப் பள்ளம் தோண்டினார்கள். காலையில் எட்டிப் பார்க்கிறேன், பள்ளத்தின் பக்கவாட்டில் தார், ஜல்லி, தார், ஜல்லி என்று அடுக்கடுக்காகத் தெரிகிறது. அதற்குக் கீழே எங்கள் முதல் படி. முழு நீளக் கருங்கல். தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். மேலே ஒரு முக்கோணமும் குறுக்குக் கோடுகளும். ஆடுபுலி ஆட்டக் கட்டம். 15 ஆடு, 3 புலி வைத்து ஆடுவது. உளியால் கொத்தி, விளையாடி விளையாடி வழவழப்பானது. இப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தேன், வெயில் சாய்ந்ததும் கோடுகளில் நிழல் விழ இன்னொரு தடவை எடுத்தேன். மறுநாள் மதியம் குழாயை இறக்கி மூடிவிட்டார்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி, இரண்டு நாளும் படியிறங்கி வரவில்லை. சாயங்காலம் போனைக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினார். முக்கோணத்தின் இடது முனை சில்லு பெயர்ந்திருக்கும். அங்கே விரலை வைத்தார். "இது உங்க தாத்தா வெத்தலை இடிக்கையில உடைஞ்சது" என்றார்.