வீடியோ கேம் விருதுகளில் ரசிகர்கள் போடும் ஓட்டை நம்பலாமா?

கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நானே ஒரு கேம் போட்டிக்கு ஆள் பிடித்து ஓட்டுச் சேர்த்தவன். ஒன்றிரண்டு இல்லை, ஒரே வாரத்தில் 117 ஓட்டு. அதில் ஒன்றுகூடக் கள்ள ஓட்டு கிடையாது. ஆனால் ஒன்றைக்கூட நம்பவும் முடியாது. அது எப்படி என்று சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எனக்கு ஒரு சின்ன மொபைல் கடை. ரீசார்ஜ், சார்ஜர், டெம்பர் கிளாஸ், டிஸ்பிளே மாற்றுவது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், பெரியவர்கள் வலையைச் சரி பண்ணுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பையன்கள் படகு நிழலில் வரிசையாக உட்கார்ந்து பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை மொபைல் கேம் ஆடுவார்கள். (2020-ல் பப்ஜியைத் தடை செய்தார்கள், 2021-ல் பிஜிஎம்ஐ என்று வேறு பேரில் வந்தது, 2022-ல் அதுவும் காணாமல் போனது, 2023-ல் திரும்ப வந்தது. காணாமல் போன மாதங்களில் "அண்ணே, எப்படியாவது ஏத்திக் குடுங்கண்ணே" என்று என் கடை வாசலில் நின்ற கூட்டம் இருக்கிறதே, அது தனிக் கதை.)

அப்படி ஒரு தடைக்காலத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கரையோர ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு போட்டி நடந்தது. 16 டீம், டீமுக்கு 4 பேர், யூடியூபில் நேரலை. ஜெயித்த டீமுக்குப் பணம். அது போக "ரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் சிறந்த வீரர்" என்று ஒரு பரிசு, ஒரு ஹெட்செட்டும் 3,000 ரூபாயும். இதற்கு மட்டும் ஆன்லைன் ஓட்டு. நடத்தியவர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. போன் நம்பர் கொடுத்தால் வாட்ஸ்அப்புக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் ஓட்டு விழும், ஒரு நம்பருக்கு ஒரே ஓட்டு. பாட் (ஆள் இல்லாமல் தானாக ஓட்டுப் போடும் புரோகிராம்) எல்லாம் உள்ளே வரவே முடியாது.

என் அக்கா மகன் அதில் ஆடினான். "மாமா, கடைக்கு வர்றவங்ககிட்ட கொஞ்சம் கேளுங்க மாமா" என்றான். கேட்டேன். ரீசார்ஜுக்கு வந்த பாட்டி, ஐஸ் கம்பெனி ஆட்கள், பள்ளிக்கூட வேன் டிரைவர், யாரையும் விடவில்லை. "அக்கா, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நானே ஒட்டி வைத்த நோட்டீஸுக்குக் கீழே நின்றுகொண்டு இந்த வேலையைப் பார்த்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 117 பேரில் அந்த ஆட்டத்தை ஐந்து நிமிடம் பார்த்தவர் ஒருத்தர் கிடையாது. அந்தப் பாட்டி "பையன் எந்தப் பரீட்சைய்யா எழுதியிருக்கான்" என்று கேட்டது.

முடிவில் எங்கள் பையன் இரண்டாவது. ஜெயித்தது கீழக்கரைப் பையன். வளைகுடாவிலும் சென்னையிலும் பெரிய சொந்தக்கூட்டம், எங்களைவிட மூன்று மடங்கு ஓட்டு. பரிசு வாங்க வந்தபோது அவனே வெளிப்படையாகச் சொன்னான்: "வாப்பாவோட குரூப்ல ஒரு தடவை போட்டேன் காக்கா, அவ்வளவுதான்." சரி, நிஜமாகவே நன்றாக ஆடியது யார்? மூக்கையூரிலிருந்து வந்த ஒரு பையன். பழைய போன், கீறல் விழுந்த ஸ்கிரீன், பேசவே மாட்டான், கடைசி ஆட்டத்தில் தனியாளாக நின்று ஒரு டீமையே முடித்தான். பார்த்த எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு விழுந்தது 9 ஓட்டு.

இப்போது பெரிய விருதுகளுக்கு வருகிறேன். "பாட் வைத்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள்" என்பதுதான் எல்லோரும் கிளப்பும் புகார். நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடிபி, கணக்குச் சரிபார்ப்பு என்று தடையைக் கூட்டக் கூட அதைச் செய்வதற்கு ஆகும் செலவு கூடிக்கொண்டே போகும், ஓரளவுக்கு அடங்கிவிடும். நிஜமான ஆள், நிஜமான நம்பர், ஆனால் ஆட்டத்தையே தொட்டதில்லை என்றால் அதைப் பிடிக்க எந்தக் கருவியும் கிடையாது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பொத்தல்.

2022-ல் தி கேம் அவார்ட்ஸில் நடந்ததைப் பாருங்கள். கேம் பத்திரிகையாளர் ஜெஃப் கீலி 2014-ல் ஆரம்பித்த வீடியோ கேம் விருது விழா. அங்கே பெரும்பாலான விருதுகளுக்கு நடுவர் ஓட்டு 90 சதவீதம், மக்கள் ஓட்டு 10 சதவீதம்தான். பிளேயர்ஸ் வாய்ஸ் என்ற ஒரு விருது மட்டும் முழுக்க முழுக்க மக்கள் ஓட்டு. அந்த வருஷம் கடைசிச் சுற்றில் 5 ஆட்டங்கள் நின்றன. சோனிக் ஃப்ரன்டியர்ஸ் ரசிகர்களும் கென்ஷின் இம்பாக்ட் ரசிகர்களும் இறுக்கிப் பிடித்தார்கள், இரண்டு பக்கமும் "நீ பாட் விடுற" "நீதான்டா விடுற" என்று ட்விட்டரில் ஒரே சண்டை. ஜெயித்தது கென்ஷின். ஆனால் அங்கே பாட்டைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தின வருஷம் கென்ஷின் சிறந்த மொபைல் கேம் விருது வாங்கியதும் கம்பெனி ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் பிரைமோஜெம் பரிசு அனுப்பியது. ஆட்டத்துக்குள் புது கேரக்டர் எடுக்க அதுதான் காசு. அதனால் இந்த முறையும் ஜெயித்தால் வரும் என்று கூட்டத்துக்குத் தெரியும். வந்தது. ஓட்டுக்குப் பணம் என்று இதைச் சொன்னால் கென்ஷின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், கம்பெனி முன்கூட்டி வாக்குக் கொடுக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் தேர்தல் நேரத்தில் இந்த மாவட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஏற்பாடு புரிவதற்கு அகராதி வேண்டாம்.

முந்தின வருஷமே, 2021-ல், இதே பிளேயர்ஸ் வாய்ஸ் விருதை ஹேலோ இன்ஃபினிட் வாங்கியது. அதன் கதைப்பகுதி வெளிவந்தது டிசம்பர் 8. விழா டிசம்பர் 9. பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் பகுதி மட்டும் மூன்று வாரம் முன்பே வந்துவிட்டது, அதை வைத்துப் போட்டார்கள் என்று சொல்லலாம். இருந்தாலும் பாதிச் சாப்பாடு பரிமாறுவதற்கு முன்பே ஏப்பம் விட்ட மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் கொடுக்கும் விருதுகள் இன்னும் வேடிக்கை. 2016-ல் தொடங்கியது, பரிந்துரையும் ஓட்டும் முழுக்க ஸ்டீம் வாடிக்கையாளர்கள் கையில். அதில் லேபர் ஆஃப் லவ் என்று ஒரு பிரிவு. ஆட்டம் வந்து ரொம்ப நாள் கழித்தும் அதை விடாமல் பராமரித்து, புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்களுக்கானது. 2023-க்கான விருதை வாங்கியது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அதன் ஆன்லைன் பகுதிக்குப் பெரிய அப்டேட் எதுவும் இனி இல்லை என்று கம்பெனி கைவிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! அதே தடவை, புதுமையான விளையாட்டுமுறைக்கான விருது ஸ்டார்ஃபீல்டுக்கு. ஸ்டீமிலேயே கலவையான விமர்சனம் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டம் அது, குறை சொன்னவர்கள் முதலில் சொன்னதே "இதில் புதுசா ஒண்ணும் இல்லை" என்பதைத்தான். கிண்டலுக்குப் போட்டார்களா, தெரிந்த பெயரைப் பார்த்து அழுத்தினார்களா என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்க முடியாது. ஆனால் ஓட்டுப் போட்டால் டிரேடிங் கார்டு (ஸ்டீமில் சேர்த்து வைக்கும் டிஜிட்டல் அட்டை) கிடைக்கும். அப்புறம் என்ன, பட்டியலில் பார்த்த பெயரைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதான்.

சரி, ரசிகர்களின் ஒருமித்த கருத்து என்று ஒன்று இருக்கிறதா? 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்த உடனே, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிடிக் தளத்தில் ஆயிரக்கணக்கில் பூஜ்ஜியம் போட்டுத் தாக்கினார்கள், ஆட்டத்தை முடிக்கவே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும், இவர்கள் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அடுத்த மாதமே அந்தத் தளம் ஆட்டம் வந்து 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. அதே ஆட்டம் அதே வருஷம், 1983-லிருந்து மக்கள் ஓட்டில் நடக்கும் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆட்டம்! தி கேம் அவார்ட்ஸில் நடுவர்கள் அதற்கே கொடுத்தார்கள், பிளேயர்ஸ் வாய்ஸ் மட்டும் கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுக்குப் போனது. ஒரே வருஷம், நடுவர்களை விட்டால் மற்ற எல்லாமே "ரசிகர்கள்"தான். எந்தக் கதவைத் திறந்து வைத்தீர்களோ அதன் வழியாக எந்தக் கூட்டம் வந்ததோ அதுதான் முடிவு.

இங்கே ஏலக்கூடத்தில் மீன் வாங்கும் வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? கூறு எவ்வளவு பெரிசு என்று மட்டும் பார்க்க மாட்டார். குனிந்து ஒரு மீனை எடுத்து, செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். ரசிகர் ஓட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்கும் ஆள் குறைவு. ஐந்து ஆட்டம் போட்டியில் இருந்தால் ஐந்தையும் ஆடியவர் ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் இருப்பார்? நான் ஆடியது ஒன்று, அதற்கே போடுவேன். அது பொய் இல்லை, ஆனால் அது ஒப்பீடும் இல்லை. 2024-ல் தி கேம் அவார்ட்ஸ் நடுவர்கள் ஆஸ்ட்ரோ பாட் என்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், பிளேயர்ஸ் வாய்ஸ், ஸ்டீம், கோல்டன் ஜாய்ஸ்டிக் மூன்றிலும் மக்கள் பிளாக் மித் வூகாங்கைத் தூக்கினார்கள். ஆஸ்ட்ரோ பாட், சோனியின் கேம் பெட்டியான பிஎஸ் 5-ல் மட்டும்தான் வரும். அரை லட்ச ரூபாய்ப் பெட்டி வீட்டில் இல்லாதவன் அதை எப்படி ஆடியிருப்பான், எப்படி ஓட்டுப் போடுவான்? (ஸ்டீமில் அது விற்கவே இல்லை, அங்கே போட்டியிடக்கூட முடியாது.) வூகாங்குக்குப் பின்னால் சீன ரசிகர்கள் அலையாகத் திரண்டார்கள், எங்கள் கீழக்கரைப் பையனுக்குச் சொந்தக்கூட்டம் திரண்ட மாதிரி. அது மோசமான ஆட்டம் என்று சொல்லவில்லை, அருமையான ஆட்டம். எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதற்காக நடுவர்களைத் தூக்கித் தலையில் வைக்கவும் நான் தயாராக இல்லை. பெரும்பாலும் கேம் பத்திரிகைகள், தளங்கள். கேம் கம்பெனி விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் இடங்கள் அதில் உண்டு. இங்கே படகுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே பிடித்த மீனைக் கொடுக்க வேண்டியிருக்கும், விலையும் அவர் சொல்வதுதான், அந்த மாதிரி சங்கடம் எல்லாத் தொழிலிலும் இருக்கும். நூறு மணி நேரம் ஓடும் ஆட்டத்தை எல்லா நடுவரும் முடித்திருப்பார்கள் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர்களுக்கு எல்லாப் பெட்டியும் கைக்கு எட்டும், நாலைந்து ஆட்டத்தையாவது தொட்டுப் பார்த்திருப்பார்கள், பெயர் போட்ட நிறுவனமாக வந்து ஓட்டுப் போடுகிறார்கள். தப்பாகப் போட்டால் திட்டுவதற்கு ஒரு முகவரி இருக்கிறது.

"10 சதவீதம்தானே, அதில் என்ன ஆகிவிடும்" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நடுவர் ஓட்டில் முதல் ஆட்டத்துக்கு 40 சதவீதம், இரண்டாவதுக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். 90-க்குச் சுருக்கினால் 36, 31.5. மக்கள் ஓட்டில் 80 சதவீதம் இரண்டாவதுக்கு, 5 மட்டும் முதலாவதுக்கு. அதை 10-க்குச் சுருக்கினால் 8, 0.5. கூட்டினால் முதல் ஆட்டம் 36.5, இரண்டாவது 39.5. கவிழ்ந்துவிட்டது! நடுவர்கள் நெருக்கமாகப் பிரிந்தால் திரண்ட கூட்டம் ஒன்று முடிவை மாற்றிவிடும். நடுவர்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் மக்கள் ஓட்டு தூசு.

அப்புறம் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், மக்கள் ஓட்டு விருதை எந்த ஆட்டத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி, எது சுறுசுறுப்பாக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பேன். ஆன்லைனில் கூட்டமாக ஆடும் ஆட்டத்துக்கு அது உபயோகமான தகவல்தான், ஆள் இல்லாத சர்வரில் யாருடன் ஆடுவது? ஆனால் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு கதை ஆட்டம் வாங்குவதற்கு அதை நம்ப மாட்டேன். நடுவரும் மக்களும் ஒரே பெயரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2023-ல் பால்டர்ஸ் கேட் 3-க்கு அப்படி நடந்தது, பிளேயர்ஸ் வாய்ஸும் அதற்குத்தான், நடுவர்களின் ஆண்டு விருதும் அதற்குத்தான், ஸ்டீமிலும் அதுவே. அது மாதிரி ரொம்ப அபூர்வம்.

என் அக்கா மகன் இன்னும் வருஷா வருஷம் டிசம்பரில் ஓட்டுப் போடுகிறான், என்னையும் போடச் சொல்லி லிங்க் அனுப்புகிறான், நானும் போடுகிறேன். போன தடவை எதற்குப் போட்டாய் என்று கேட்டேன், ஒரு பெயரைச் சொன்னான். ஆடியிருக்கியாடா என்றேன். "இல்ல மாமா, ஜெயிச்சா ஏதாச்சும் குடுப்பாங்கன்னாங்க." அந்த மூக்கையூர்ப் பையன் இப்போது விசைப்படகில் போகிறான். தடைக்காலம் வந்தால்தான் ஆடுவான், போன வருஷம் ஸ்கிரீன் மாற்ற என் கடைக்கு வந்தான். லேபர் சார்ஜ் வாங்கவில்லை. ஏன் என்று அவன் கேட்டான், நான் சொல்லவில்லை.