வால்வு ஆம்ப்: ரெண்டு சானலில் ரெண்டு சத்தம் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் கிடார் ஆம்ப் (ஏபி763 சர்க்யூட்) இருக்கு. நார்மல் சானலில் வருவதில் பாதி சத்தம்தான் வைப்ரேட்டோ சானலில் வருது. எங்கே ஆரம்பிக்க?

பதில்: அந்த டிசைனில் வைப்ரேட்டோ பக்கம்தான் அரை வால்வு (ஒரு பெருக்கும் கட்டம்) கூடுதல். அதனால் அங்கே சத்தம் சமமாகவோ கொஞ்சம் கூடவோ வரணும். பாதி வந்தால் கோளாறுதான்.

முதலில் ஜாக். 2-ம் நம்பர் ஓட்டை வடிவமைப்பிலேயே 1-ல் பாதிதான் கொடுக்கும். ரெண்டு சானலிலும் 1-ல் சொருகி, டோன், பிரைட் சுவிட்ச் எல்லாம் ஒரே மாதிரி வைத்துக் கேளுங்கள்.

அடுத்து, ஆம்பை அணைத்து ஆறவிட்டு, V1 (நார்மல் சானல்), V2 (வைப்ரேட்டோ சானல்) வால்வுகளை இடம் மாற்றுங்கள். ரெண்டுமே 12ஏஎக்ஸ்7 என்ற ஒரே வகை. பலவீனம் சானல் மாறினால் வால்வுதான் காரணம். மாறாவிட்டால் வைப்ரேட்டோ சானலின் இன்டென்சிட்டி குமிழைக் குறைத்துப் பாருங்கள். அப்போது சத்தம் திரும்பினால், ட்ரெமோலோவின் (சத்தத்தை அலையலையாக ஏற்றி இறக்கும் பகுதி) நியான் விளக்கும் எல்டிஆரும் (வெளிச்சம் பட்டால் மாறும் ரெசிஸ்டர்) சேர்ந்த சின்ன உருளையைச் சந்தேகிக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் V2 கேத்தோடுக்கு (வால்வின் எலக்ட்ரான் கிளம்பும் முனை) வாங்க. அங்கே 1,500 ஓம் ரெசிஸ்டரோடு 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். அது காய்ந்துபோனால் 60 மடங்கு பெருக்கிய வால்வு 30 மடங்குதான் பெருக்கும். டிசி வோல்டேஜ் எல்லாம் சரியாகவே காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். என்னிடம் வந்த ஒரு ஆம்பில் கெபாசிட்டரின் ரப்பர் வாய் உப்பி, கடுகளவு பழுப்புப் பிசின் போர்டில் ஒட்டியிருந்தது. உடையவர் அதற்குள் மூன்று செட் வால்வு வாங்கிவிட்டார்.

உள்ளே 450 வோல்ட்டுக்குப் பக்கம் ஓடுது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள். பழக்கமில்லையென்றால் திறக்கவே வேண்டாம்.

கேள்வி: என்னிடம் மார்ஷல் 1959 மாடல் ஆம்ப். ஒரு சானல் கூர்மையா, பலமா இருக்கு. இன்னொன்று மந்தம். ரிப்பேரா?

பதில்: இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிரைட் சானலின் கேத்தோடில் 2.7 கிலோ ஓமும் 0.68 மைக்ரோஃபாரடும், மற்றதில் 820 ஓமும் பெரிய கெபாசிட்டரும் இருக்கும். சின்ன வயர் போட்டு ரெண்டு சானல் ஜாக்கையும் சேர்த்து வாசியுங்கள், அருமையாக இருக்கும்.

கேள்வி: அதே மாதிரி ட்வினில் சேர்த்தேன், சத்தம் மெலிஞ்சிடுச்சே?

பதில்: வைப்ரேட்டோ பக்கம் கூடுதலாக ஒரு கட்டம் இருக்கு, அது அலையைத் தலைகீழாக்கும். ரெண்டும் ஒன்றையொன்று அழிக்குது. ட்வினில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ட்வினில் சத்தம் கூடின சானலில் 12ஏடி7 (பெருக்கம் குறைந்த வால்வு) போட்டா சமமாகிடுமே, எதுக்கு இவ்வளவு?

பதில்: சமமாகும். 12ஏஎக்ஸ்7-ன் அடிப்படைப் பெருக்கம் 100 (சர்க்யூட்டில் கிடைப்பது இதைவிடக் குறைவு), 12ஏடி7-க்கு 60. V1-ல் போட்டால் கெடுதலும் இல்லை. ஆனால் நல்ல சானலை நோயாளி சானல் அளவுக்கு இறக்கியிருக்கிறீர்கள்.

மறுப்பு: காசில்லாமல் முடிஞ்சதா இல்லையா? இருபது வருஷமா இப்படித்தான் செய்றேன்.

பதில்: முடியவில்லை சார். அந்த கேத்தோடு கெபாசிட்டர் மாதிரி ஒரு எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் காய்ந்தால் கூடவே வயதான மற்றதும் காய்ந்துகொண்டிருக்கும். அதில் அவுட்புட் வால்வின் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும் பயாஸ் கெபாசிட்டரும் ஒன்று. அது போனால் அவுட்புட் வால்வின் பிளேட் சிவந்து, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வரை எரியும். சத்தம் குறைவது முதல் எச்சரிக்கை, அதை மூடி மறைக்கக் கூடாது. இருபது வருஷம் தப்பித்தது அந்த ஆம்புகளின் நல்ல நேரம்.

கேள்வி: என் ஆம்பிலும் ஒரு சானல் கம்மி. வால்வு செட் மொத்தமா மாத்தலாமா?

பதில்: வேண்டாம். ஜாக், இடமாற்றம், இன்டென்சிட்டி. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ட்யூப் மாத்தினா சரியாகுமா?

பதில்: இதற்கும் முதல் பதில்தான்.

கேள்வி: கீபோர்ட் ஆம்ப், ட்ரான்சிஸ்டர் வகை. ஒரு சானல் வரவே இல்லை.

பதில்: என் துறை இல்லை. அந்த வகை பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்ட ட்வின்காரன். வால்வை இடம் மாத்தினேன், குறை அதே சானலில்தான். இன்டென்சிட்டி குறைச்சும் மாற்றமில்லை. கேத்தோடில் ரெண்டு சானலிலும் 1.9 வோல்ட்.

பதில்: அப்போ கெபாசிட்டர்தான் முதல் சந்தேகம் தம்பி. மின்சாரத்தை இறக்கிவிட்டு, பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுசை பிளஸ், மைனஸ் பார்த்துத் தற்காலிகமாக சால்டர் வையுங்கள். ஸ்பீக்கரை மாட்டிவிட்டு ஆன் பண்ணுங்கள், ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம். சத்தம் ஏறினால் பழையதைக் கழற்றிவிட்டு, நார்மல் சானலில் இருப்பதையும் கையோடு மாற்றிவிடுங்கள். ஏறாவிட்டால் ரெண்டு சானலும் ஒன்றுசேரும் இடத்திலுள்ள ரெண்டு 220 கிலோ ஓம் மிக்சிங் ரெசிஸ்டரையும் அளந்து எழுதுங்கள்.