இரண்டு ஜேசான் பட்டியல்களை ஒப்பிட்டு ஒத்த புலங்களை நீக்குவது: கேள்வி பதில்

கேள்வி: நேற்றைய வாடிக்கையாளர் பட்டியலும் இன்றையதும் ஜேசான் (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) கோப்புகளாக இருக்கின்றன. இன்றையதில் மாறாத புலங்களை (பெயர், தொலைபேசி போன்றவை) நீக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் சுற்றுக்குள் சுற்று போட்டால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதில்: ஓடத்தான் செய்யும். பட்டியலுக்கு 10,000 பதிவுகள் என்றால் 10 கோடி ஒப்பீடுகள். பழைய பட்டியலை முதலில் வாடிக்கையாளர் எண்ணைச் சாவியாக, அதாவது பதிவைத் தேடி எடுக்கும் அடையாளமாகக் கொண்ட டிக்‌ஷனரியாக மாற்றுங்கள். பிறகு புதிய பட்டியலை ஒரு முறை படித்தால் போதும். வாடிக்கையாளர் எண் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஒத்த புலம் என்று அதையும் நீக்கிவிட்டால், மிஞ்சுவது யாருடைய பதிவு என்றே தெரியாது.

கேள்வி: சுற்றின் நடுவே புலத்தை அழித்தால் பிழை வருகிறதே, ஐயா?

பதில்: அழிக்காதீர்கள். மாறியவற்றை மட்டும் புதிய டிக்‌ஷனரியில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பழைய பதிவில் தொலைபேசிப் புலமே இல்லை, புதியதில் அதன் மதிப்பு 'நல்' (ஜேசானில் வெற்று மதிப்பு). இரண்டும் ஒன்று என்கிறது என் நிரல்.

பதில்: சாவியைக் கொடுத்து மதிப்பைக் கேட்கும் 'கெட்' கொண்டு எடுத்திருப்பீர்கள். புலம் இல்லாவிட்டாலும் அது 'நன்' (பைத்தானின் வெற்று மதிப்பு) தரும். ஜேசானின் 'நல்'லும் பைத்தானில் 'நன்' ஆகிவிடும். அதனால் சாவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன புலத்தை எப்படிக் குறிப்பீர்கள்? 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தரநிலை ஆவணம், 'நல்' என்றால் 'நீக்கு' என்று வைத்துக்கொண்டது. எளிது, ஆனால் 'நல்' என்பதையே மதிப்பாக வைக்கும் தரவுக்கு அது உதவாது. அத்தகைய தரவுக்கு 2013-இன் ஆர்எஃப்சி 6902தான் சரி. நீக்கத்துக்கு அதில் தனிக் கட்டளையே இருக்கிறது.

கேள்வி: 'பொன்னி' என்ற பெயர் இரண்டிலும் ஒன்றாகவே தெரிகிறது. ஆனால் மாறியது என்று வருகிறது.

பதில்: தமிழ்த் தரவில் அடிக்கடி வரும் தலைவலி இது. 'பொ'வின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்குப் பேதம் தெரியாது, நிரலுக்குத் தெரியும். இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

கேள்வி: பழையதில் 'ட்ரூ' (உண்மை), புதியதில் 1. புலம் நீங்கிவிட்டது!

பதில்: பைத்தானுக்கு அவை இரண்டும் சமம். ஒரு பக்கம் மட்டும் பூலியனாக (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பாக) இருந்தால் வேறு என்று கொள்ளுங்கள். 1, 1.0 இரண்டையும் சமமாகவே விடலாம். ஜேசானில் எண் ஒரே வகைதான்.

கேள்வி: வரிசை மாறினால்?

பதில்: ஆப்ஜெக்டில், அதாவது புலங்களின் தொகுப்பில், புலங்களின் வரிசைக்குப் பொருளில்லை. அரேயில், அதாவது மதிப்புகளின் பட்டியலில், உண்டு. குறிச்சொற்கள் போன்ற அரே என்றால் வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். பயண நிறுத்தங்கள் என்றால் கைவைக்காதீர்கள்.