சொந்த அணி தோற்கிறது, மகன் எதிரணிக்குப் போகிறான்

கேள்வி: அக்கா, நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். வேலைக்காக பெங்களூரு வந்து, இப்போது காக்ஸ் டவுனில் குடும்பத்தோடு இருக்கிறேன். சென்னையின் எஃப்.சி. என்ற ஃபுட்பால் அணி தொடங்கிய நாளிலிருந்து அதன் ரசிகன். சில வருடங்களாக அணி தடுமாறுகிறது. ஆபீஸில் பெங்களூரு எஃப்.சி. ரசிகர்கள் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். தோற்ற இரவுகளில் நான் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. "அவங்க உங்களுக்குச் சம்பளமா கொடுக்கறாங்க?" என்று மனைவி கேட்கிறாள். இப்போது பத்து வயது மகன், இந்திய ஃபுட்பால் நட்சத்திரம் சுனில் சேத்ரி பெயர் போட்ட பெங்களூரு ஜெர்சி வேண்டும் என்கிறான். நான் இந்த அணியை விட்டுவிடலாமா? மகனை எப்படித் தடுப்பது?

பதில்:

தம்பி, அணியை விட வேண்டாம். மகனையும் தடுக்க வேண்டாம். நீங்கள் விட வேண்டியது அந்தத் தோற்ற இரவு மௌனத்தை மட்டும்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் அணியின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. 2015ல் நாட்டின் பெரிய ஃபுட்பால் லீக்கான ஐ.எஸ்.எல். ஃபைனலில், கோவாவில் போய் கோவாவையே 3–2 என்று வென்று கோப்பை எடுத்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்.சி.க்கு எதிரான ஃபைனலில், கண்டீரவாவில், பெங்களூரு ரசிகர்கள் நிறைந்த மைதானத்தில், ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி கோல் அடித்த பிறகும், மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களாலும் ரஃபேல் அகஸ்டோவின் கோலாலும் மறுபடி 3–2. அடுத்த சீசனில் என்ன ஆயிற்று? அதே சாம்பியன் 18 மேட்ச்சில் இரண்டே வெற்றி, ஒன்பதே புள்ளிகளோடு கடைசி இடத்தில் வந்து நின்றது. அதற்கும் அடுத்த வருடம் பாதியில் ஓவன் கோய்ல் கோச்சாக வந்து, கீழே கிடந்த அணியை ஃபைனல் வரை இழுத்துக்கொண்டு போனார். அந்த ஃபைனல் 2020 மார்ச்சில், கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத மைதானத்தில் நடந்து, தோல்வியில் முடிந்தது. பிறகு மூன்று சீசன் தொடர்ந்து எட்டாவது இடம், ஒரு முறை ஆறாவது, 2024–25ல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது.

இவ்வளவையும் கூடவே இருந்து பார்த்த ஒருவர் "விட்டுவிடலாமா" என்று கேட்கும்போது, எனக்கு அதில் களைப்புதான் தெரிகிறது, வெறுப்பு தெரியவில்லை. வெறுத்துப்போனவர் கடிதம் எழுத மாட்டார். பேசாமல் சேனலை மாற்றிவிடுவார்.

களைப்பு வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊர் லீக்கில் ஒரு வீரரைப் பார்த்துப் பழகி, பாட்டுக் கட்டிப் பாடி முடிப்பதற்குள் அவர் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். முன்கள வீரர் ஜெஜே போனார். கேப்டனாக இருந்த அனிருத் தாபா 2023ல் மோகன் பகானுக்குப் போனார். மத்தராஸி, கிரிகரி என்று கோப்பை வாங்கிக் கொடுத்த கோச்சுகளும் போய்விட்டார்கள். 2014லிருந்து அப்படியே இருப்பது ஜெர்சியின் நீலமும், சென்னை நேரு ஸ்டேடியத்தின் பி ஸ்டாண்டில் நின்று கத்துகிற கூட்டமும், உங்களைப் போல வெளியூரில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறவர்களும்தான். நீங்கள் விட்டுப்போனால் அந்த அணியில் மிச்சமிருக்கும் பழைய ஆள் ஒருவர் குறைகிறார். அதனால்தான் விட வேண்டாம் என்கிறேன்.

ஆனால் கூட இருப்பது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. இதை நான் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் விசுவாசமான ரசிகர்கள் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று இடத்தில் முடித்தால் அணி கீழ் லீக்குக்கு இறங்கும்; பெரும் பணம் போகும்; முதலாளிக்கே தூக்கம் வராது. ஐ.எஸ்.எல்.லில் 2024–25 வரை எந்த அணியும் கடைசியில் வந்ததற்காக இறங்கியதில்லை. பத்தாவது வந்தாலும் பதின்மூன்றாவது வந்தாலும் அதுவரை அடுத்த சீசனில் அதே லீக்தான். அப்படியிருக்க, நிர்வாகத்தைக் கேள்வி கேட்க இங்கே யார் இருக்கிறார்கள்? ரசிகர்கள்தான். ஏன் உள்ளூர்ப் பையன்களுக்கு வாய்ப்பு குறைவு, வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் விளையாடும் பிள்ளைகளை யார் போய்ப் பார்க்கிறார்கள், நல்ல வீரர்களை ஏன் தக்கவைக்க முடியவில்லை என்று கேளுங்கள். மரியாதையோடு, பெயர் போட்டு, கிளப்புக்கே எழுதுங்கள். ரசிகர் குழுவோடு சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

போர்ட்ஸ்மத் என்ற இங்கிலாந்து அணி 2008ல் எஃப்.ஏ. கோப்பை வென்றது. ஐந்தே வருடத்தில் கடனில் மூழ்கி நான்காவது நிலை லீக்குக்கு வந்துவிட்டது. அப்போது ரசிகர்கள் கைக்காசு போட்டு, டிரஸ்ட் அமைத்து, 2013ல் கிளப்பையே வாங்கினார்கள். 2017ல் அந்த லீக்கில் முதலிடம் பிடித்த பிறகுதான் வேறு உரிமையாளரிடம் கொடுத்தார்கள். நம்மிடம் அந்த அளவுக்குப் பணமோ சட்ட வசதியோ இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தோல்வியைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் மகனுக்குப் பிடித்த அதே சேத்ரிதான் 2018 ஜூனில் ஒரு வீடியோவில் பேசினார். மும்பையில் இந்தியா 5–0 என்று ஜெயித்த மேட்ச்சைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். திட்டுங்கள், விமர்சனம் செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மேட்ச்சுக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. வருடத்தில் ஒரு முறையாவது சென்னைக்கு ரயிலேறிப் போய் அந்த பி ஸ்டாண்டில் நின்று பாருங்கள். தனியாக டி.வி. முன்னால் தோற்பதும், பக்கத்தில் நிற்பவரின் தோளில் கை போட்டுக்கொண்டு தோற்பதும் ஒன்றில்லை.

ஆபீஸ் கிண்டலுக்கு நீங்கள் 2018 ஃபைனலை எடுத்து வீசுவீர்கள் என்று தெரியும். வீசுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் 2025 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் இழுபறியாகி, சீசன் நடக்குமா என்றே தெரியாதபோது, பெங்களூரு எஃப்.சி.யும் சென்னையின் எஃப்.சி.யும் சில நாள் இடைவெளியில் வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தன. அன்றைக்கு உங்கள் பக்கத்து சீட்டுக்காரரும் நீங்களும் ஒரே கவலையில்தான் இருந்திருப்பீர்கள். டீ குடிக்கும்போது அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அவர் கேட்பது சம்பளத்தைப் பற்றியும் இல்லை, ஃபுட்பால் பற்றியும் இல்லை. யாரோ பதினோரு பேர் தோற்றதற்கு நானும் பிள்ளையும் ஏன் முகம் பார்த்து நடக்க வேண்டும் என்கிறார். அதற்கு உங்களிடம் பதில் கிடையாது, யாரிடமும் கிடையாது. மேட்ச் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். திரும்பி வந்தால் சாப்பாடு, பேச்சு, பிள்ளையின் ஹோம்வொர்க் எல்லாம் வழக்கம்போல நடக்க வேண்டும். வருத்தமாக இருந்தால் "இன்னைக்கு மனசு சரியில்லை, தோத்துட்டாங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன வருத்தத்தைப் பக்கத்தில் இருப்பவர் தாங்கிக்கொள்வார். சொல்லாமல் உம்மென்று இருந்தால் தன்மேல்தான் கோபமோ என்று நினைப்பார். இந்த அணி உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடம் சொல்லுங்கள். ஊரை விட்டு வந்தவருக்கு ஊரோடு மிச்சமிருக்கும் தொடர்பு அது என்றால், அவருக்குப் புரியாமல் போகாது.

இப்போது மகன். அவனுடைய ஊர் எது? உங்களுக்கு ராயபுரம் எப்படியோ, அவனுக்கு காக்ஸ் டவுன் அப்படி. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கண்டீரவா இருக்கிறது, வகுப்புப் பையன்கள் அங்கே போகிறார்கள், அவனுக்கும் அந்த நீலம் பிடிக்கிறது. சென்னையின் எஃப்.சி.யை உங்களுக்கும் யாரும் கையில் திணிக்கவில்லை, நீங்களாகத் தேடிப் பிடித்தீர்கள். அந்த உரிமை அவனுக்கும் உண்டு.

பெங்களூரு அணிக்குப் போனால் தமிழைவிட்டு, நம்மைவிட்டுப் போய்விட்டான் என்ற பயம் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கு நடுவே இருக்கிறது. நான் அல்சூர்ப் பக்கம் வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன். இந்த நகரத்தின் ஃபுட்பாலில் தமிழர் வியர்வை நிறைய இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பலரும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணிக்காக பிரான்சுக்கு எதிராக அடித்த ஒரே கோல் பெங்களூருக்காரர் சாரங்கபாணி ராமனுடையது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம் இருந்தார். எங்கள் கௌதமபுரத்தில் அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்திலேயே பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் மகனை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். சாயங்காலம் அந்தத் தெருக்களில் பந்து உதைக்கும் பிள்ளைகள் பேசுவது எந்த மொழி என்று அவனே கேட்கட்டும்.

அப்புறம், பெங்களூரு எப்போதும் ஜெயிக்கிற அணி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால், 2023–24ல் பன்னிரண்டு அணிகளில் பத்தாவதாக வந்ததும், 2025 ஃபைனலில் மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில் தோற்றதும் அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. உறைக்கும் நாள் வரும். அன்றைக்கு அவன் அழுதுகொண்டு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று அந்த வீட்டில் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ஜெர்சியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இரண்டு அணியும் மோதும் நாளில் கண்டீரவாவுக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். வெஸ்ட் பிளாக்கில் டிக்கெட் எடுக்காதீர்கள், அங்கே தீவிர ரசிகர்கள் இருப்பார்கள்; வேறு ஸ்டாண்டில் எடுங்கள். அவன் ஜெர்சி போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் சாதாரண சட்டையில் போங்கள். உங்கள் அணி கோல் அடித்தால் எழுந்து கை தட்ட வெட்கப்பட வேண்டாம், பையன் பார்க்கட்டும். முடிந்து வெளியே வரும்போது யார் ஜெயித்திருந்தாலும் மேட்ச்சைப் பற்றி முதலில் அவனைப் பேச விடுங்கள்.